ஹேமாவதிக் கரையில் ஒரு ரொட்டிக்கடை

பெங்களூரில் குடியேறி வாழும் நம்மவருள் ஐயங்கார் பேக்கரியின் வாசலில் நின்று காரா பன் தின்னாதவர் எவரும் இரார். அலுவலகம் விட்டு வரும் வழியில் ஒரு பொட்டலம் பெண்ணெ பிஸ்கத்து. குழந்தைக்குப் பிறந்த நாள் என்றால் முட்டை சேராத கேக். வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் ஒரு ரொட்டி. இவ்வளவும் தெருமுனையிலேயே கிடைத்துவிடுகின்றன. அக்கடைகளை நடத்துவோர் பலருக்குப் பூர்வீகம் ஹாசன் மாவட்டம் என்பதை நாம் வெகுநாளாகக் கேள்விப்பட்டிருந்தோம். ஆயினும் அம்மாவட்டத்துச் சிற்றூர்களில் இத்தொழில் எவ்வாறு நடக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை. ஊரை விட்டுப் புறப்பட்டவர்கள் நகரத்தில் சௌகரியமாக இருக்கிறார்கள். ஊரிலேயே நின்றுவிட்டவர்கள் என்ன ஆனார்கள்?

2025-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் மைசூரில் நண்பர் இல்லத் திருமணம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பந்தியில் நம் பக்கத்தில் அமர்ந்திருந்த அன்பர் பெங்களூரில் இரண்டு பேக்கரிகள் வைத்திருப்பவர். பேச்சினூடே, ஹொளெநரசீபுரத்தில் தம் உறவினர் ஒருவர் நடத்தும் கடையைப் பற்றிச் சொன்னார். மூடப்போகிறது என்று எல்லாரும் கைவிட்டிருந்த கடை இரண்டு ஆண்டுகளுக்குள் நிமிர்ந்துவிட்டதாம். "எப்படி?" என்று வினவினோம். "அடுப்பு மூட்டும் நேரத்தை மாற்றினார்கள்" என்றார். வேடிக்கை பேசுகிறார் என்றே முதலில் நினைத்தோம். அவர் முகத்திலோ சிரிப்பு இல்லை. மறுநாள் காலை ஹாசன் மார்க்கமாகச் செல்லும் ரயிலில் ஏறிவிட்டோம்.

நரசீபுரம் என்றதும் வேறோர் ஊரை நினைத்துக்கொள்ளும் அன்பர்கள் உண்டு. காவிரியும் கபினியும் கூடுமிடத்தில் இருப்பது திருமகூடல் நரசீபுரம். அது மைசூருக்குத் தென்கிழக்கே உள்ளது. நாம் சென்றது ஹொளெநரசீபுரம். ஹொளெ என்றால் கன்னடத்தில் ஆறு. ஆற்றங்கரை நரசீபுரம் என்று கொள்க. மைசூரைவிட்டு ரயில் வடமேற்கே செல்கிறது. சாகரகட்டெயின் அருகே கிருஷ்ணராஜசாகரத்தின் தேங்கிய நீரைப் பாலத்தின்மேல் கடக்கும்போது வண்டியில் இருந்தவர் அனைவரும் பேச்சை நிறுத்திச் சன்னல் பக்கம் திரும்பினர். நாள்தோறும் அவ்வழியே போகின்றவர்களுக்கும் அந்த நீர்ப்பரப்பு அலுப்பதில்லை போலும். அதன் பிறகு கரும்பும் தென்னையும், அறுவடைக்கு நிற்கும் நெல்லும். கிருஷ்ணராஜநகரத்தில் பாதி வண்டி காலியாயிற்று.

ஹேமாவதி மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி, கொரூரில் அணையால் தேக்கப்பட்டு, இவ்வூரைத் தொட்டுக்கொண்டு சென்று, கிருஷ்ணராஜசாகரத்தில் காவிரியோடு கலக்கிறது. ஊரில் லட்சுமி நரசிம்மர் கோயில் உண்டு. 1996-ஆம் ஆண்டில் பாரதப் பிரதமரான தேவெ கௌடரின் சொந்த ஊராகிய ஹரதனஹள்ளி இத்தாலுகாவைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஊருக்கு வந்து குவிந்த மோட்டார்களின் வரிசையைப் பற்றிக் கடைத்தெருவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். மற்றபடி, வாரச்சந்தையும் பள்ளிக்கூடங்களும் பஸ் நிலையமும் கொண்ட ஓர் அமைதியான தாலுகாத் தலைநகரம். ஹாசன் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தத் தொலைவு நம் கதையில் முக்கியமானது. பிறந்த நாள் கேக் வாங்க ஹாசனுக்குப் போகலாம். சாயங்காலம் தின்ன ஒரு பன்னுக்காகப் போக மாட்டார்கள்.

இப்பகுதியில் வாழும் ஹெப்பார் ஐயங்கார்களைப் பற்றி இங்கே இரண்டு சொற்கள் கூற வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் காலத்தில், இராமாநுசர் மேல்கோட்டையில் தங்கியிருந்த நாட்களோடு தம் முன்னோர் வரவை அவர்கள் இணைத்துச் சொல்வார்கள். வீட்டுக்குள் பேசுவது தமிழ். அதில் கன்னடம் பாதிக்குப் பாதி கலந்திருக்கும். எழுதுவது கன்னட எழுத்தில். திவ்வியப் பிரபந்தத்தையே கன்னட எழுத்தில் அச்சிட்டு ஓதுகிறவர்கள் அவர்கள். கன்னட இலக்கியத்தில் பெரும் புகழ்பெற்ற கொரூர் ராமசாமி ஐயங்கார் பிறந்தது பக்கத்துக் கொரூரில்தான்.

பேக்கரித் தொழில் இவர்களிடம் எப்படி வந்தது என்பது தனிக்கதை. ஹாசன் பக்கத்திலிருந்து பெங்களூருக்குச் சென்ற எச். எஸ். திருமலாச்சார் என்பவர் 1898-ஆம் ஆண்டில் சிக்கபேட்டையில் தொடங்கிய பி. பி. பேக்கரியே ஐயங்கார் பேக்கரிகளுக்குத் தாய் என்பர். இனிப்புப் பலகாரக் கடை வைத்திருந்த அவர், ஓர் ஆங்கிலேயர் சொல்லிக்கொடுத்து ரொட்டி சுடக் கற்றாராம். முட்டையைத் தொடாமல், தயிரும் சோடாவும் கொண்டு கேக்கை எழும்பச் செய்யும் வித்தையை இத்தொழிலார் பிற்பாடு தமக்கென்று ஆக்கிக்கொண்டார்கள். கடையில் வேலை பழகிய உறவினர் பிரிந்து தனிக்கடை வைத்தார். அவரிடம் பழகியவர் மற்றொரு தெருவில் வைத்தார். இப்படியே நகரம் முழுவதும் பரவிவிட்டது. அவர்களில் சிலர் நகரத்தில் கற்றதை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். நாம் பார்க்கப் போன கடையைத் தொடங்கிய பாட்டனார் அத்தகையவர்.

கடை பஸ் நிலையத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில், ஒரு புங்கமரத்தை அடுத்து இருக்கிறது. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து மழையில் கரைந்துவிட்டது. அதை மாற்ற எண்ணமில்லை என்றார் கடைக்காரர். நாம் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. எந்தப் பேக்கரியிலும் அந்நேரத்தில் அடுப்பு வேலை முடிந்து ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இங்கோ அப்போதுதான் ஒருவர் விறகை உள்ளே சுமந்துகொண்டிருந்தார். "வாங்கோ, உட்காருங்கோ. தீர்த்தம் சாப்பிடுங்கோ" என்று எழுந்து வந்தார் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். தண்ணீரைத் தீர்த்தம் என்னும் அந்த ஒரு சொல்லிலேயே நாம் வந்த களைப்புத் தீர்ந்தது என்று சொல்லலாம்.

பெரியவரும் மகனும் மருமகளும் சேர்ந்து கடையை நடத்துகிறார்கள். அடுப்படியில் நால்வர். கடை நொடித்த வரலாற்றைப் பெரியவர் ஒளிக்காமல் சொன்னார். நொடித்த வியாபாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகக் காலத்தின்மேல் பழி போடுவார்கள். பெரியவரும் அங்கிருந்தே தொடங்கினார். கம்பெனி ரொட்டி வண்டிகளில் வந்து இறங்கியது. மைய அரசு 1965-ஆம் ஆண்டில் மாடர்ன் பேக்கரியைத் தொடங்கியபோது வெட்டி அடுக்கிய ரொட்டி பட்டணத்துப் பண்டமாக இருந்தது. இன்று எந்தக் கிராமத்துப் பெட்டிக்கடையிலும் ஏதேனும் ஒரு கம்பெனியின் ரொட்டி தொங்குகிறது. பிறகு ஹாசனில் கண்ணாடிக் கூண்டும் குளிர்பெட்டியும் வைத்த கேக் கடைகள் வந்தன. "அப்புறம்?" என்றோம். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்புறம் நாங்களும் அவர்களைப் போல் ஆகப் பார்த்தோம்" என்றார்.

அதுதான் வினையாயிற்று. கடன் வாங்கிக் கண்ணாடிக் குளிர்பெட்டி வந்தது. க்ரீம் தடவிய பேஸ்ட்ரி, சாக்லேட் கேக், பீட்ஸா என்று கடையில் செய்யும் வகை நாற்பத்தாறு ஆயிற்று. க்ரீம் பண்டங்கள் இரண்டாம் நாளே வியர்க்கத் தொடங்கும். பொழுது சாய்ந்ததும் அவற்றைப் பாதி விலைக்குக் கொடுக்க, ஊர்க்காரர்கள் பாதி விலைக்காகக் காத்திருக்கப் பழகினார்கள். குளிர்பெட்டி மட்டும் இரவும் பகலும் மின்சாரம் தின்றது. மறுபக்கம், சுற்றுக் கிராமத்துப் பெட்டிக்கடைகளுக்கு ரொட்டி போட்டுவந்தார்கள். விற்றால் காசு, விற்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. திரும்பி வந்த ரொட்டி ரஸ்க்காயிற்று. ரஸ்க்கும் மிகுந்தபோது மாட்டுக்குப் போயிற்று.

இந்நிலையில் ரொட்டியும் சரியாக எழும்பவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. மாவை விரைவில் எழுப்பிப் பஞ்சுபோல் நிறுத்தப் பொட்டாசியம் புரோமேட் என்னும் உப்பைச் சேர்ப்பது ரொட்டித் தொழிலில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. உடலுக்குக் கேடு என்று கண்டு 2016-ஆம் ஆண்டில் நம் நாட்டில் அதைத் தடை செய்தார்கள். பெரியவர் வாங்கிக்கொண்டிருந்த "மாவுப் பொடி" அதன் பின் கடைகளில் கிடைக்கவில்லை. அதற்குள் என்ன இருந்தது என்பதே தமக்குத் தெரியாது என்றார். அவர் சொன்னதை நாம் நம்புகிறோம். பொடி போனதும் ரொட்டி தட்டையாயிற்று. ஈடுசெய்ய ஈஸ்டை அதிகமாகப் போட்டார்கள். ரொட்டியில் கள் வாடை அடித்தது.

கடைசியில், கைப்பேசி விற்கும் ஒருவருக்குக் கடையை வாடகைக்கு விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. முன்பணமும் கைமாறிவிட்டது. மகன் பெங்களூரில் உறவினர் பேக்கரியில் கல்லாவில் உட்கார ஏற்பாடு. அடுப்படி ஆட்கள் நால்வரில் மூத்தவர் முப்பது ஆண்டுகளாக அந்த ஒரே அடுப்பின்முன் நின்றவர். அவருக்கு என்ன வழி என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

நிற்க. மருமகள் பத்ராவதியில் கணக்கர் ஒருவருடைய மகள். மூன்று மாதத்தில் கடை மூடப்போகிறது என்ற நிலையில், கடையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதையாவது தெரிந்துகொண்டு மூடுவோம் என்று அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாராம். விற்றதை எழுதுவது எல்லாக் கடையிலும் உண்டு. இவர் விற்காததை எழுதினார். எந்தப் பண்டம், எத்தனை, எந்த நேரத்தில் செய்தது, எப்போது எறிந்தது என்று முப்பது நாள் குறித்தார். யார் என்ன கேட்டு இல்லை என்று திரும்பினார்கள் என்பதையும் குறித்தார்.

அந்த நோட்டைப் பார்க்க வேண்டும் என்றோம். கொண்டுவந்து விரித்தார். பக்கம் பக்கமாகக் கன்னட எழுத்து. நமக்குக் கன்னடம் பேச வரும்; கடைப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்போம்; கையெழுத்து வராது. நாம் விழிப்பதைக் கண்டு, "மாமா, இது உங்களுக்கு வராது. நான் படிச்சுச் சொல்றேன்" என்று புத்தகத்தைத் திருப்பிக்கொண்டார். படிக்கத் தொடங்கியதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவர் படித்தது தமிழ்! "ரொட்டி இருபத்திரண்டு மீந்தது. பன் ஆறிப்போச்சு என்று நாலு பேர் போய்விட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டது காரா பன், இல்லை." எழுத்து ஒன்று, சொல் மற்றொன்று. நம் இல்லங்களிலும் குழந்தைகள் பாட்டிக்கு எழுதும் செய்தியை ஆங்கில எழுத்தில் எழுதுவதைக் கண்டு நாம் வருந்தியிருக்கிறோம். இந்த அம்மையார் வருத்தமோ பெருமையோ இன்றி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நோட்டிலிருந்து வெளிவந்தவை மூன்று. நாற்பத்தாறு வகையில் பதினான்கே உண்மையில் விற்றன. மற்றவை அந்தப் பதினான்கின் லாபத்தைத் தின்றன. கிராமத்துக்குப் போன ரொட்டியில் பத்துக்கு மூன்று திரும்பி வந்தது. மூன்றாவதுதான் யாரும் எதிர்பாராதது. கடையில் மிகவும் கேட்கப்பட்ட பண்டங்கள், கேட்கப்பட்ட நேரத்தில் இல்லை; அல்லது ஆறிக்கிடந்தன.

இதை விளங்கிக்கொள்ள அந்த அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே அழைத்துச்சென்று காட்டினார்கள். செங்கல்லால் கட்டிய வளைந்த கூரை; தாழ்வான வாய்; உள்ளே ஒரு மாட்டுவண்டி நிற்குமளவு தளம். விறகை அத்தளத்தின் மேலேயே அடுக்கி எரிக்கிறார்கள். சகலேசபுரம் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களைக் கழிக்கும்போது கிடைக்கும் கட்டைகளே பெரும்பாலும் விறகு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிந்தபின் தணலை வாரி, ஈரச்சாக்கைக் கோலில் சுற்றித் தளத்தைத் துடைத்து, கதவை மூடிச் சற்றுநேரம் விட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு உள்ளே நெருப்பே இல்லை. செங்கல் வாங்கிவைத்த சூட்டிலேயே எல்லாம் வேகின்றன. சூடு இறங்கிக்கொண்டே போகும், ஏறாது. ஆகவே கடும் சூட்டில் ரொட்டி, அடுத்துப் பன், பிறகு கேக், பிறகு பிஸ்கத்து என்று ஒழுங்கு. எல்லாம் முடிந்த பின் எஞ்சிய வெதுவெதுப்பில் ரஸ்க்கை அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டால், அது இரவெல்லாம் கிடந்து உலரும். இந்த ஒழுங்கை எவரும் மாற்ற இயலாது.

மாற்றக்கூடியது தொடங்கும் நேரம் ஒன்றுதான். பாட்டனார் நாள் முதல் இரவு ஒரு மணிக்கு அடுப்பு மூட்டினார்கள். விடியலில் ரொட்டி வெந்துவிடும். ஐந்தரை மணிக்குப் பன். பட்டணத்தில் அதற்குப் பொருள் உண்டு. காலையில் ரொட்டி தின்பவர்கள் அங்கே இருந்தார்கள். ஹொளெநரசீபுரத்தில் காலையில் ரொட்டி தின்பவர் யார்? இட்டிலியும் ராகி ரொட்டியும் அக்கி ரொட்டியும் இருக்க, ரொட்டிக்கடை பக்கம் எவரும் வருவதில்லை. அவ்வூரில் பேக்கரிக்குக் கூட்டம் வருவது மாலை நான்கு மணிக்குமேல். பள்ளிக்கூடம் விடுகிறது, கிராமத்துப் பஸ்கள் புறப்படுகின்றன, சந்தை கலைகிறது. அந்நேரத்தில் பன் பத்து மணி நேரப் பழையது. சூடாக வேண்டுமென்று மாலையில் இரண்டாம் முறை விறகு எரித்துப் பார்த்தார்களாம். விறகுச் செலவு இரட்டித்தது.

எனவே கடிகாரத்தைத் திருப்பினார்கள். இப்போது அடுப்பு மூட்டுவது பகல் பதினொரு மணிக்கு. இரண்டு மணிக்கு ரொட்டி உள்ளே போகிறது. மூன்றேகாலுக்குக் காரா பன்னும் இனிப்புப் பன்னும். நான்கு மணிக்குச் சற்று முன் பன் வெளிவருகிறது. அப்போது தெருவில் வீசும் மணத்துக்கு வேறு விளம்பரம் வேண்டியதில்லை. மாலையில் பிஸ்கத்து, இரவில் ரஸ்க்கு. மறுநாள் காலையில் ரஸ்க்கும் பிஸ்கத்தும் டீக்கடைகளுக்குப் போகின்றன. முதல்நாள் மாலை சுட்ட ரொட்டி காலையில் ஆறி, அறுக்கப் பதமாக இருக்கிறது. சூடான ரொட்டியை அறுத்தால் நைந்துபோகும் என்பது இல்லத்தரசிகள் அறிந்ததே. அடுப்படி ஆட்கள் இரவில் உறங்குகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தம் மனைவியோடு இரவுச் சாப்பாடு சாப்பிடுவதாக மூத்தவர் சொன்னபோது மற்ற மூவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பெரியவர் இதற்கு எளிதில் இசையவில்லை. தகப்பனார் வைத்த நேரத்தை மாற்றுவதா என்று பதினைந்து நாள் கடைப்பக்கமே வரவில்லையாம். அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது ரொட்டிதான். புரோமேட் பொடிக்கு முன்னால் எப்படி ரொட்டி எழும்பிற்று என்று மருமகள் அவரைக் கேட்டார். பெரியவருக்கு நினைவு வந்தது. அவர் சிறுவராக இருந்தபோது பாட்டனார் இரவு படுக்கப்போகுமுன் மாவில் ஒரு பகுதியைச் சொற்ப ஈஸ்டோடு தளரப் பிசைந்து மூடிவைப்பார். இரவெல்லாம் அது மெல்லப் புளித்து எழும்பும். அதையே மறுநாள் மிச்ச மாவில் சேர்த்துப் பிசைவார். "இரவு மாவு" என்று அதற்குப் பெயர். பொடி வந்ததும் அதை மறந்துவிட்டார்கள். பொடி இருக்கும்போது எதற்காகப் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்? இப்போது அடுப்பே பகலுக்கு வந்துவிட்டபடியால் இரவு மாவுக்கு வேண்டிய நேரமும் தானாகவே கிடைத்தது. ஹாசன் சீமையின் குளிர்ந்த இரவும் அதற்குத் துணை. ஈஸ்டு குறைந்தது; வாடை போயிற்று. இரவு ஒன்பது மணிக்கு அந்த மாவைப் பிசைவது பெரியவர் வேலை. பிறர் கை அதில் படக்கூடாதாம்.

மற்றொன்று தராசு. நானூறு கிராம் ரொட்டி வேண்டுமானால் மாவை நானூற்றைம்பது கிராம் வெட்ட வேண்டும்; வேகும்போதும் ஆறும்போதும் ஏறத்தாழ ஐம்பது கிராம் ஆவியாகப் போய்விடும். இவர்கள் கைக்கணக்கில் வெட்டினார்கள். நிறுத்துப் பார்த்தபோது சில ஐந்நூறு கிராம் இருந்தன, சில நானூற்றிருபது. முன்னதில் கடைக்கு நஷ்டம், பின்னதில் வாங்குகிறவருக்கு. "கை தவறாது" என்று மூத்த ஆளுக்கு முதலில் மனத்தாங்கல். இப்போது அவர் வெட்டிப் போடுவதைத் தராசில் வைத்துச் சரியாக இருந்தால் தலையை ஒருமுறை ஆட்டிக்கொள்கிறார். அடுப்பின் சூட்டைக் காண மட்டும் இன்றும் கருவி இல்லை. தளத்தில் ஒரு பிடி மாவை வீசுகிறார். உடனே கருகினால் பொறுக்க வேண்டும். மெல்லச் சிவந்தால் ரொட்டி போடலாம்.

கிராமத்துக் கடைகளோடு திரும்ப எடுக்கும் ஏற்பாட்டை நிறுத்தினார்கள். பாதிக் கடைகள் விலகிக்கொண்டன. எஞ்சியவை கேட்ட அளவே கேட்டு, ரொக்கம் கொடுத்து, மாலைப் பஸ்ஸில் வாங்கிக்கொள்கின்றன. குளிர்பெட்டியை நஷ்டத்துக்கு விற்றார்கள். அதன் கடன் இன்னும் சிறிது பாக்கி. பிறந்த நாள் கேக்கு முன்னதாகச் சொன்னால் மட்டும். மகனுக்கு இது உவப்பில்லை. நாம் பேசிக்கொண்டிருந்தபோதே ஒருவர் வந்து, இன்று சாயங்காலமே கேக் வேண்டும் என்று கேட்டு, இல்லையென்று திரும்பினார். மகன் முகம் வாடியதைக் கண்டோம்.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் நிகழ்ந்ததை இங்கிருக்கும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கைப்பேசி வழி வந்த பணத்தைக் கணக்கிட்டு வணிகவரித் துறை சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீசு அனுப்ப, பேக்கரிகளிலும் டீக்கடைகளிலும் "ரொக்கம் மட்டும்" என்று பலகை தொங்கிற்று. பல வீடுகளில் அச்சம் குடிகொண்டது. பழைய பாக்கியை வசூலிப்பதில்லை என்று மாநில அரசு அறிவித்த பின்னரே அமைதி திரும்பிற்று. ரொட்டிக்கு வரியே இல்லை; ரஸ்க்குக்கு 5 விழுக்காடு; கேக், பிஸ்கத்துகளுக்கு இருந்த 18 விழுக்காடு 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆயிற்று. எதில் எவ்வளவு விற்றது என்று சொல்ல முடியாதவர்களே அந்நாட்களில் பெரிதும் தவித்தார்கள். இக்கடையில் மருமகளின் நோட்டு இருந்தது.

விறகு அடுப்பு எத்தனை நாள் என்று மகனைக் கேட்டோம். அவர் அதை எண்ணாதவர் அல்லர். மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் வேறு எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதை அவர் படித்திருக்கிறார். புகை நல்லதென்று யாரும் வாதாட முடியாது; அடுப்படிச் சுவரையும் ஆட்களின் கண்களையும் நாமே பார்த்தோம். மின்சாரத்தில் சுழலும் அடுப்புக்கு விலை கேட்டு வைத்திருக்கிறார். சூடு வேண்டியபடி ஏறும், இறங்கும். எதை எப்போது வேண்டுமானாலும் சுடலாம். ஆயினும் குளிர்பெட்டிக் கடன் அடையும்வரை அப்பேச்சில்லை என்று மருமகள் சொல்லிவிட்டார். கைப்பேசிக் கடைக்காரர் கொடுத்த முன்பணத்தைத் தவணையாகத் திருப்பிக் கொடுத்து, கடைசித் தவணை புரட்டாசியில் முடிந்ததாம். அவரே இப்போது நாள்தோறும் நான்கு மணிக்கு வந்து காரா பன் வாங்குகிறார்.

மூன்று மணிக்கே பெண்கள் சிலர் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். உள்ளே நீண்ட மரத் துடுப்பால் தட்டுகளை இழுக்கும் ஓசை கேட்டது. பள்ளிக்கூட மணி அடித்தது. அடுத்த அரைமணி நேரம் எவரும் நம்மோடு பேசவில்லை. பேச அவர்களுக்கு நேரமில்லை. காரா பன்னை உதிர்த்தால் உள்ளே பச்சைமிளகாயும் வெங்காயமும் கொத்தமல்லியும் ஆவி விட்டன. நாம் பெங்களூரில் தின்றதையெல்லாம் குறை சொல்ல மாட்டோம்; அவை ஆறியவை, அவ்வளவே.

புறப்படும்போது வீட்டுக்கு இரண்டு ரொட்டியும் ஒரு கிலோ ரஸ்க்கும் கேட்டோம். ரொட்டி ஒன்றுதான் கிடைத்தது. மற்றவையெல்லாம் பஸ்ஸுக்குச் சொல்லிவைத்தவை. பெரியவர் காசு வாங்க மறுத்தார். மருமகள் வாங்கிக்கொண்டார். பிறகு நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். என்ன எழுதினீர்கள் என்றோம். திருப்பிக் காட்டப் போனவர், நமக்கு அது படிக்க வராது என்பது நினைவு வந்து, தாமே படித்தார்: "பெங்களூர் மாமா இரண்டு ரொட்டி கேட்டார். ஒன்று இல்லை."